எங்க வீட்டு விளக்கு மலையேறியது

செஞ்சி,
சனிக்கிழமை காலை.

ஒசூரில் பேத்தியைத் தூளியில் ஆட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கும் என் மனைவி ஜெயக்கொடிக்கு, செஞ்சியில் தானே பொங்கித் தானே தின்னும் உன் வீட்டுக்காரன் அரங்கநாதன் எழுதுவது. இங்கு நான் நலம். உன் நலமும், மகள் பூங்குழலி, மாப்பிள்ளை, பேத்தி நிலா ஆகியோர் நலமும் அறிய ஆவல். போன் இருக்க கடுதாசி எதற்கு என்பாய். போன் போட்டால் நீ ஸ்பீக்கரில் வைக்கிறாய். பக்கத்தில் மாப்பிள்ளை இருமுகிறார். "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்கிறாய், அதற்குள் குழந்தை அழுகிறது, வைத்துவிடுகிறாய். புருஷன் பெண்டாட்டி சேதியை ஸ்பீக்கரில் எப்படிச் சொல்வது? நேற்று உன் தம்பி முருகையன் போன் செய்து, உன் குரலைக் கேட்டதும் ஓவென்று அழுதானே, அதற்குக் காரணம் நான்தான். பயப்படாதே. எல்லாம் அந்த லைட்டால் வந்த வினை.

பூங்குழலி ஆசையாக வாங்கி அனுப்பினாளே, கூடத்து நடுவில் ரெண்டு சங்கிலியில் தொங்குகிற நீள லைட்டு, அது மாட்டின நாள் முதலே ஒரு பக்கம் சாய்ந்துதான் தொங்கியது. நீ இருந்தவரை அது என் கண்ணில் படவே இல்லை. நீ போன பிறகு அந்தக் கூடத்தில் பார்க்க வேறு என்ன இருக்கிறது? தட்டோடு உட்கார்ந்தால் நான் அதைப் பார்க்கிறேன், அது என்னைச் சாய்ந்து பார்க்கிறது. வீடியோ காலில் பூங்குழலியும் பார்த்துவிட்டு, "நைனா, லைட்டு இன்னா கோணலா தொங்குது, ஆளக் கூப்ட்டு சரி பண்ணுங்க" என்றாள். ஆள் எதற்கு, நான் கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்தவன் என்றேன். பில் கட்டுகிற ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்தவன் என்று அவளுக்குத் தெரியாதா, சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. நேற்று லைட்டைப் போட்டுவிட்டு, ஒட்டடைக் கோலால் தாழ்ந்த பக்கத்தை ஒரு தூக்கு தூக்கினேன். மறுபக்கம் தாழ்ந்தது. அதைத் தூக்கினேன். டப்பென்றது. அவ்வளவுதான்.

அனந்தபுரம் எலக்ட்ரீஷியன் தங்கராஜுக்குப் போன் போட்டேன். உள்ளே சிக்னல் இல்லை, வாசலுக்கு வந்து கத்தினேன். லைட்டு அணைஞ்சுபோச்சு என்றுதான் வாயில் வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக விளக்கு அணைஞ்சதுன்னு சொல்லக்கூடாது, மலையேறிடுச்சுன்னுதான் சொல்லணும் என்று கல்யாணமான நாளிலிருந்து என் வாயைத் திருத்தியவள் நீ. அதனால், "தங்கராஜு, எங்க வீட்டு விளக்கு மலையேறிடுச்சுப்பா, சீக்கிரம் வா" என்றேன். எதிர்வீட்டு மீனம்பாள் வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி எங்கே என்று அவள் முன்னே கேட்டபோது, "எங்க வீட்டு விளக்கு இப்ப ஒசூர்ல எரியுது" என்று நான் பெருமையடித்து வைத்திருந்தேன், வினை அங்கே இருந்திருக்கிறது. முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"எப்பண்ணே?"

"இப்பதான். டப்புனு போயிடுச்சு."

"முன்னாடி ஒண்ணும் காட்டலியா?"

"ரெண்டு நாளா மினுக்கு மினுக்குன்னுதான் இருந்துச்சு."

"எப்பண்ணே எடுக்கறீங்க?"

"தங்கராஜு வந்துதான் எடுக்கணும். இது போனா போவுது, நாளைக்கே புதுசு ஒண்ணு கொண்டாந்துடறேன்னான்."

"அதுக்குள்ளயா அண்ணே" என்று அவள் மாரில் அடித்துக்கொண்டாள். ஒரு லைட்டுக்கு இப்படி உருகுகிறாளே, நல்ல மனசு என்று நான் உள்ளே போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் தெருவே கூடத்தில் நிற்கிறது, பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள், சிங்கவரத்திலிருந்து முருகையன் ரோஜாமாலையோடு வந்து "மாமா, எங்க அக்கா" என்று என் மேல் விழுகிறான். தங்கராஜ் ஏணியோடு நுழைந்ததும், பாடைக்குத்தான் என்று நினைத்து ரெண்டு பேர் கைகொடுத்து வாங்கினார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உடனே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை ஜெயக்கொடி. நீ உசுரோட இருக்கிறது தெரிஞ்ச ஆள் அந்தக் கூட்டத்திலேயே நான் ஒருத்தன்தான், நானும் அழுதேன். அவங்களைவிடச் சத்தமா அழுதேன். யாரோ என் தோளைத் தடவிக் கொடுத்தாங்க. நீ போனதிலிருந்து என்னை யாரும் தொட்டதில்லை. அந்தக் கை எடுக்கிறவரைக்கும் இருந்துட்டு, அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னேன். முருகையன் வாயில் வந்ததையெல்லாம் திட்டினான், உடனே உனக்குப் போன் போட்டான். செத்ததாகச் சேதி பரவினால் ஆயுசு கெட்டி என்று மீனம்பாள் சொல்கிறாள், எனவே உனக்கு இதில் லாபம்தான்.

தங்கராஜ் ஒரு சங்கிலியில் ஒரு கண்ணியைக் கழற்றினான், புதுசு வேண்டாமென்று பல்பை மட்டும் மாற்றினான், லைட்டு நேராகிவிட்டது. காபி குடிச்சிட்டுப் போப்பா என்றேன், வேற வேலை இருக்குது சார் என்று போய்விட்டான். எல்லாரும் போய்விட்டார்கள். இப்போது லைட்டு ஒரு நூல் பிசகாமல் தொங்குகிறது, பார்க்கத்தான் ஆளில்லை. கோணலாக இருந்தவரை சண்டை போடவாவது ஒன்று இருந்தது.

இதற்காக நீ கிளம்பி வராதே. பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு வருவது தப்பு. என்னையும் அங்கே கூப்பிடாதே, மாப்பிள்ளை வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் நானில்லை, செத்தாலும் அந்தப் படி ஏறமாட்டேன். நான் நன்றாகவே சமாளிக்கிறேன். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள், பேத்திக்கு முத்தம். ரங்கநாதர் எல்லாரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
அரங்கநாதன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடத்தான் கிளம்பினேன். பாண்டிச்சேரியிலிருந்து வர்ற பெங்களூர் பஸ் வந்து நின்னுச்சு. ஏறிட்டேன். இப்ப கிருஷ்ணகிரி தாண்டியாச்சு. கடுதாசியை நானே உன் கையில குடுக்கறேன். பேத்தியைப் பாக்க வந்தேன்னுதான் மாப்பிள்ளைகிட்ட சொல்லுவேன். நீ நம்பாத.