ஒன்பதாம் பாகத்துக்கு விடுப்பு

மாயக்கதை வாசகர் என்றோர் இனம் உங்கள் தெருவிலும் வசிக்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் காலையில் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்று பாருங்கள். எல்லாரும் நேராக நிற்கும்போது ஒருவர் மட்டும் வலப்பக்கமாகச் சாய்ந்து நிற்பார். கழுத்துப் பிடிப்பு என்று நினைத்து இரக்கப்பட வேண்டாம். தோள்பையில் ஆயிரத்து நூறு பக்கம் இருக்கிறது. அதற்குள் பதினான்கு மந்திரவாதிகள், மூன்று டிராகன்கள், ஐந்து அரச குடும்பங்கள், அவற்றின் வாரிசுகள், வாரிசு என்று சொல்லிக்கொண்டு திரிபவர்கள், செத்துவிட்டதாக ஊரே நம்பிக்கொண்டிருக்கும் ஒரு சித்தப்பா. இத்தனை பேரை ஒற்றைத் தோளில் சுமந்தால் யார்தான் சாய மாட்டார்கள்?

இவர்களுக்குக் கடிகாரம் கிடையாது. ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். "போக ஒரு அத்தியாயம், வர ஒண்ணரை. சாயங்காலம் டிராஃபிக் ஜாஸ்தி" என்பார்கள். நெரிசலில் ஊரே ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டிருக்க, இவர்கள் முகத்தில் மட்டும் ஒரு சாந்தம் குடிகொண்டிருக்கும். விளக்கு பச்சையானால் சலித்துக்கொள்வார்கள். டாக்டரிடம் போனால் டோக்கன் கடைசி எண்ணாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்வார்கள். ஒருமுறை லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒருவரை ஒன்றரை மணி நேரம் போராடிக் கதவை உடைத்து மீட்டார்கள். உள்ளே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இன்னும் நாலு பக்கம்தாங்க" என்றாராம்.

பொத்தாம்பொதுவாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு மாதிரியைப் பிடித்து முன்னால் நிறுத்திவிடுவதே நல்லது.

இவர் பேருந்து டிப்போவில் டூட்டி லிஸ்ட் போடுபவர். எந்த ஓட்டுநர் எந்த நாளில் எந்த வண்டியை எடுப்பது, யாருக்கு எப்போது விடுப்பு என்பதெல்லாம் பதினெட்டு வருடமாக இவருடைய பென்சில் முனையில் இருக்கிறது. நல்ல மனிதர். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். மதியம் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் புத்தகத்தைச் சாய்த்துவைத்து, வலக்கையால் உண்டு இடக்கையால் பக்கம் திருப்புவார். ஒருநாள் கை மாறிவிட்டது. முற்றுகை நடந்துகொண்டிருந்த அத்தியாயம் முழுக்கக் குழம்பு. அதைக்கூட அவர் துடைக்கவில்லை, போர்க்களத்துக்குப் பொருத்தமாக இருக்கிறதென்று விட்டுவிட்டார்.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் வரைபடம் அவருக்கு மனப்பாடம். எந்தக் கணவாயில் எந்த மாதம் பனி மூடும், எந்த ஆற்றை எங்கே குதிரையில் கடக்கலாம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மைத்துனி வீட்டுக்கு மட்டும் வருடா வருடம் வழி கேட்பார். அரச குடும்பங்களின் வம்சாவளி பதினோரு தலைமுறைக்கு விரல்நுனியில் இருக்கும். ஆனால் ஒருநாள் மனைவியிடம், "உங்க அண்ணன் ரிடையர் ஆயிட்டாரா?" என்று அன்பாக விசாரித்தார்.

"எனக்கு ஏதுங்க அண்ணன்? நீங்க சொல்றது உங்க அண்ணன்" என்றாள் மனைவி.

அவர் படிக்கும் தொடரில் எட்டுப் பாகங்கள் வந்துவிட்டன. ஒன்பதாவதும் கடைசியுமான பாகம் பதினோரு வருடமாக வரப்போகிறது. இந்த இனத்தாரின் சடங்கு ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். புதிய பாகம் வருவதற்குள் பழைய பாகங்கள் அத்தனையையும் முதலிலிருந்து மறுபடி படித்தாக வேண்டும். இல்லையென்றால் யார் யாருக்கு விஷம் வைத்தார்கள் என்பது மறந்துபோகும். எட்டுப் பாகத்துக்கு ஏழாயிரத்து நானூறு பக்கம். படித்து முடித்து, பத்து நாள் விடுப்பும் எழுதிக்கொடுத்து, பசியோடு பந்தியில் உட்கார்ந்தவர் கணக்காகக் காத்திருப்பார். அப்போது அறிவிப்பு வரும்: பாகம் ஒன்பது தள்ளிவைக்கப்பட்டது.

முதல் தடவை எழுத்தாளருக்கு முதுகுவலி. இரண்டாம் தடவை, வரைபடத்தில் ஓர் ஆறு மேட்டைப் பார்த்து ஓடுவதை ஏதோ ஒரு வாசகர் கண்டுபிடித்துவிட்டார். மூன்றாம் தடவை, ஆறாம் பாகத்தில் அவசரப்பட்டுக் கொன்றுவிட்ட ஒருவர் இப்போது தேவைப்பட்டார். நான்காம் தடவை மறுபடி முதுகுவலி.

இதில் டிப்போவுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். இவர் விடுப்பில் போனால் இவருடைய நாற்காலியில் மூத்த ஓட்டுநர் ஒருவர் உட்கார வேண்டும். அவருடைய வண்டியை இன்னொருவர் எடுக்க வேண்டும். அந்த இன்னொருவருடைய விடுப்பு நகர வேண்டும், அதற்காக வேறொருவருடையது நகர வேண்டும். ஆக, இவர் தன் விடுப்பைப் பத்து நாள் தள்ளினால் நாற்பத்திரண்டு ஓட்டுநர்களின் விடுப்பும் வரிசையாகத் தள்ளிப்போகும். எங்கோ ஓர் எழுத்தாளருக்கு முதுகு வலித்தால் இங்கே ஓர் ஓட்டுநரின் குடும்பம் கட்டிய மூட்டையை அவிழ்க்கும். தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டும் என்று சொல்வார்களே, அதை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த டிப்போவுக்குப் போகலாம்.

ஓட்டுநர்கள் அவருக்கு 'ஒன்பதாம் பாகம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வாழ்க்கையில் ஒரு கதைப் புத்தகத்தைத் தொட்டறியாதவர்கள் எல்லாம் காலையில் வந்ததும் கவலையோடு விசாரிப்பார்கள்.

"சார், அவருக்கு இப்ப முதுகு எப்படி இருக்கு?"

"பரவாயில்ல. குனிய ஆரம்பிச்சிட்டாராம்."

"குனிஞ்சா எழுதிடுவாரா?"

"நிமிர்ந்து உக்காந்தாத்தான்யா எழுத முடியும்."

"அப்போ என் லீவு?"

"அவர் நிமிரட்டும், பாக்கலாம்."

இந்தக் கூத்தில் மூன்று வருடமாக ஒரு கடற்கரைப் பயணமும் தள்ளிப்போய்க்கொண்டே வந்தது. மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பில் வேலை பார்ப்பவள். ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடிக்க ஐந்து நாள் மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததுமே கடலோரத்தில் ஓர் அறைக்குச் சொல்லிவைத்துவிட்டாள். அந்த ஐந்து நாளை யாராலும் நகர்த்த முடியாது. சுவருக்கு முதுகுவலி வராதல்லவா? நடந்தது என்னவென்றால், பயணத்துக்கு முதல் நாள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒன்பதாம் பாகம் வெளியாகிவிட்டது.

புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தவரை மனைவி பார்த்தாள். கத்தவில்லை.

"இந்தத் தடவை நீங்க வரலைன்னா நானும் பொண்ணும் மட்டும் போறோம். திரும்பி வரும்போது நாங்க ரெண்டு பேரா இருக்கப் பழகியிருப்போம். யோசிச்சுக்கோங்க."

எட்டுப் பாகங்களில் எத்தனையோ அரசிகள் கத்தியிருக்கிறார்கள். இப்படி அமைதியாகப் பேசிய அரசிகள்தான் அடுத்த அத்தியாயத்தில் கோட்டையைக் கொளுத்தினார்கள். அவர் உடனே பெட்டி கட்டினார். இரண்டு சட்டை, ஒரு துண்டு, ஒன்பதாம் பாகம். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள எட்டாம் பாகத்தையும் எடுத்தார். மகள் அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு அந்த இடத்தில் தன் செருப்பை வைத்தாள். பன்னிரண்டு வயதுக்கு நல்ல விவரம்.

மறுநாள் பேருந்தில் ஜன்னலோரம் மனைவி, நடுவில் மகள், இந்தப் பக்கம் இவர். முதல் முப்பது பக்கம் தேனாக ஓடியது. தேநீருக்காக வண்டி நின்ற இடத்தில் ஓட்டுநர் இறங்காமல் இவருடைய இருக்கைக்கு வந்து நின்றார். இவருடைய டிப்போக்காரர்தான், நெட்டையர் என்று பெயர்.

"சார், லீவா?"

"ஆமாம்ப்பா. அஞ்சு நாள்."

"புத்தகம் வந்துடுச்சு போல."

"நேத்துதான்!" பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்வது போல் முகம் மலர்ந்தது.

"தெரியும் சார். இது எங்களைப் படுத்தின பாட்டுக்கு, அப்படி என்னதான் இருக்குன்னு பஸ் ஸ்டாண்டு கடையில எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தை மட்டும்."

அவருடைய முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "வேண்டாம்! சொல்லிடாதே!"

"சொல்லல சார். ஒண்ணு கேக்கறேன். என் தங்கச்சி கல்யாணத்துக்கு மூணு மாசம் முன்னாடி லீவு எழுதிக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கா? தள்ளிப் போச்சு. கல்யாணத்தன்னிக்கு இதே வண்டிய ஓட்டிக்கிட்டிருந்தேன். எதிர்ல பூ வச்ச கார் ஒண்ணு வந்துச்சு. ஓரமா நிறுத்திட்டு அழுதேன். பயணிங்க டயர் பஞ்சர்னு நினைச்சாங்க."

இவருக்கு நினைவு இல்லை. பட்டியலில் 'எண் 17, விடுப்பு மாற்றம்' என்று எழுதியது மட்டும் லேசாக ஞாபகம் வந்தது. எழுதும்போது பென்சில் கூட நடுங்கவில்லை என்பது இப்போது உறுத்தியது.

"நாலு தடவை நீங்க தள்ளி வச்சீங்க. நான் ஒரே ஒரு தடவை தள்ளி வைக்கறேன்" என்று நெட்டையர் கையை நீட்டினார். "குடுங்க. அஞ்சு நாள் கழிச்சு இதே வண்டியில வாங்க, பத்திரமாத் தரேன். முடியாதுன்னா இப்பவே மைக்கை எடுத்து, ஒத்தைக்கண் இளவரசி பிழைச்சாளா இல்லையான்னு வண்டி முழுக்கச் சொல்லிடுவேன்."

"சொல்லுங்களேன், பொழுது போகும்" என்றார் பின்னிருக்கைக்காரர். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. பதினோரு வருடத் தவத்தை அவர் இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

கடலோர அறையில் முதல் நாள் அவர் ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தார். தீயணைப்புக் கருவியின் செய்முறையை இரண்டு முறை படித்து, முடிவு சப்பென்று இருப்பதாக வருத்தப்பட்டார். மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அலைக்கு முன்னால் நிறுத்தி, "கடல் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள். "வர்ணனை கொஞ்சம் ஓவர்" என்றார்.

இரண்டாம் நாள் மாலை மணலில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி மகளிடம் ஆஸ்பத்திரிக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்கும் பேண்டுவாத்தியத்தில் டிரம்பெட் ஊதும் ஒருவருக்கும் ஒரே நாளில் பல்செட்டு தயாரானது. பெட்டி மாறிப்போய்விட்டது. இவருடைய பல் அவருக்கு, அவருடையது இவருக்கு. இரண்டு பேருமே இவ்வளவு பொருத்தமாக எந்தப் பல்லும் அமைந்ததில்லை என்று டாக்டருக்கு நன்றிக் கடிதம் எழுதிவிட்டார்கள். மாறிப்போனது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"அப்புறம்?" என்று ஒரு குரல் கேட்டது.

யார் கேட்டது என்று மனைவி பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. கேட்டது கணவர்தான்.

அப்புறம் என்ன, அணை உடைந்தது. ஆறு வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு நர்சுகள் அவள் வழியாகவே சண்டை போடுவது, ஊசிக்குப் பயந்து மாடிப்படிக்கு அடியில் ஒளிந்த போலீஸ்காரர், தன் பல்வலியை யாரிடமும் சொல்ல முடியாத பல் டாக்டர் என்று ஒவ்வொன்றாக வந்தது. அவர் வாயைப் பிளந்து கேட்டார். எக்ஸ்ரே அறை வடக்கா தெற்கா என்று கேட்டு மணலில் வரைபடம் போட்டார். அந்தப் போலீஸ்காரர் அண்ணனா தம்பியா, பெரிய நர்சுக்கு என்ன உறவு என்று குடைந்தார். நீதிபதிக்கு உண்மை தெரிந்தால் போர் மூளுமா என்று கவலைப்பட்டார். ஐந்தாம் நாள் காலை அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"இவ்வளவு நடந்திருக்கு. இதை ஏன் நீ எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னேனே. ஏழு வருஷமா, தினமும், சாப்பிடும்போது. நீங்க 'உம்'னு சொன்னீங்க."

"நானா?"

"நாய் வளக்கலாமான்னு நான் கேட்டதுக்கும் 'உம்'னுதாம்ப்பா சொன்னீங்க" என்றாள் மகள்.

"வளக்கலாமே. எப்ப வாங்கலாம்?"

"வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு."

"அது பக்கத்து வீட்டு நாய் இல்லையா?"

"பக்கத்து வீட்டு நாய் எதுக்குப்பா நம்ம கட்டிலுக்கு அடியில தூங்குது?"

அவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. கடலைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஒருநாள் ரொம்ப முடியாமப் போய், நான் உங்களுக்கு எதுக்காவது வேணுமான்னு கேட்டேன். அதுக்கும் 'உம்'தான். அது ஆமாவா இல்லையான்னு அன்னிக்கு ராத்திரி முழுக்க யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். அதுவும் பதில்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

திரும்பும் வண்டியில் நெட்டையர் சொன்ன சொல் தவறாமல் புத்தகத்தைக் கொடுத்தார். அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பி, "நீதிபதி விஷயத்தைப் பாதியில விட்டுட்டியே" என்றார். இதைப் பார்த்து அவர் திருந்திவிட்டார் என்று நீங்கள் முடிவு கட்ட வேண்டாம். இரண்டாம் முறை வண்டி நின்றபோது முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தார்.

அவர் கதை கிடக்கட்டும். நீங்கள் இதைப் படிக்க உட்கார்ந்த பிறகு, நடுவில் யாரோ உங்கள் பக்கத்தில் வந்து நின்று ஏதோ கேட்டார்கள். நீங்களும் கண்ணை எடுக்காமல் 'உம்' என்றீர்கள். எழுந்து போய் என்ன கேட்டார்கள் என்று விசாரித்துவிடுங்கள்.