ரெண்டு விரக்கடை இடப்பக்கம்

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் ஒரு முடிவு எடுத்தேன். மாடி ரூம் எனக்கு. அதில் ஒரு கேரம் போர்டு. சாயங்காலம் கடையைச் சாத்தியதும் நானும் நண்பன் மதியழகனும் மேலே ஏறிவிட வேண்டியது. கீழேயிருந்து யார் கூப்பிட்டாலும் காது கேட்கக் கூடாது.

இந்த முடிவை முதலில் மதியழகனிடம் சொன்னேன். அடுத்து, முகம் பார்க்கும் கண்ணாடியிடம் சொன்னேன். என் மனைவி வினோலியாவிடம் சொல்லத்தான் கொஞ்ச நாள் ஆனது.

"மாடி ரூமா? அதுல நான் ஆரி கிளாஸ் வைக்கப் போறேன். ஜாக்கெட்டுக்குப் பூ வேலை கத்துக்க அம்புட்டுப் பொண்ணுக கேக்குறாளுக," என்றாள், வெங்காயம் உரித்துக்கொண்டே.

"யாரக் கேட்டு முடிவு பண்ண?"

"உங்களத்தான் கேட்டேன். போன மாசம். 'ம்'னு சொன்னீங்க."

"எப்ப சொன்னேன்?"

"தூங்கிட்டு இருக்கும்போது."

நான் மிக்சி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். திண்டுக்கல்லில் பாதி வீட்டுச் சட்னி இந்த இருதயநாதன் தயவில்தான் அரைபடுகிறது. ஆனால் என் வீட்டு சுவிட்ச் மட்டும் வினோலியா கையில். எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்று அவள் திருகுவாள், நான் சுற்றுவேன்.

அவளை நான் ஜெயிக்கிற இடம் உலகத்திலேயே ஒன்றுதான். எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் போடுகிற பலூன் சுடும் கடை. நான் சுட்டால் பலூன் பட்பட்டென்று வெடிக்கும். அவள் சுட்டால் பலூனுக்கு வலப்பக்கத்துப் பலகைக்குத்தான் காயம். ஜெயித்தவனுக்கு சோப்பு டப்பா கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் சோப்பை விட டப்பா அதிகம்.

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. உங்களிடம் சொல்வதற்கென்ன? அந்தக் கடைக்காரருடைய துப்பாக்கியின் குழல் லேசாகக் கோணல். குண்டு வலப்பக்கமாக ஓடும். அதனால் பலூனை விட்டுவிட்டு ரெண்டு விரக்கடை இடப்பக்கம் தள்ளிக் குறி பார்க்க வேண்டும். இத்தனை வருஷமாக இதைப் பெண்டாட்டியிடம் மூச்சு விடவில்லை. புருஷன் என்று இருப்பவனுக்கு ஒரு ரகசியமாவது வேண்டாமா?

அந்தச் சமயத்தில்தான், நத்தம் ரோட்டில் புதிதாக ஒரு ஷூட்டிங் ரேஞ்ச் திறந்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் போய்ச் சுட்டுப் பார்க்கலாம் என்று மதியழகன் சொன்னான். என் மண்டைக்குள் பல்பு எரிந்தது.

"வினோலியா, நமக்குள்ள எதுக்குச் சண்டை? ரெண்டு பேரும் போய்ச் சுடுவோம். ஜெயிச்சவங்களுக்கு மாடி ரூம்."

வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "ஆத்தாடி, துப்பாக்கியா? எனக்குப் பலூனே விழுகாதே."

"பயமா இருந்தா விட்ரு."

"பயமில்லங்க. ரூமு போயிருமேன்னு பாக்குறேன்." மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். "சரி, நீங்க ஆசையா கேக்குறீங்க, வாரேன். ஆனா தோத்தவங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"சத்தியமா!"

"மதியழகன் அண்ணனையே சாட்சியா வச்சுக்குவோம். நானே அவருட்ட சொல்லிக்கிறேன்."

ஆடு தானாகவே கசாப்புக் கடைக்கு வழி கேட்கிறது என்று நினைத்தேன். ஆடு யார் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினோம். சாட்சி மதியழகன் மட்டும் ஏதோ வேலை இருக்கிறது என்று நின்றுவிட்டான். ரேஞ்சில் சொல்லிக்கொடுப்பவள் ஷமா என்று ஒரு பெண், பேகம்பூர்க்காரி. அவள் என் கையில் ஒரு கைத்துப்பாக்கியைக் கொடுத்தாள். எனக்குப் பகீரென்றது. எனக்குப் பழக்கமெல்லாம் நீளத் துப்பாக்கி. தோளில் முட்டுக்கொடுத்து, கன்னத்தை ஒட்டி வைத்துச் சுடுவது. இதற்கு முட்டுக்கொடுக்கக் கட்டையே இல்லை. இருந்தாலும் தெரியாது என்று காட்டிக்கொள்ளலாமா? வழக்கம்போலத் தோளுக்குக் கொண்டுபோனேன். அது அக்குளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"அங்கிள், அது தெர்மாமீட்டர் இல்ல," என்றாள் ஷமா. "ஏர் பிஸ்டல். ஒரே கையில பிடிச்சு நேரா நீட்டுங்க."

"இன்னொரு கைய?"

"பேன்ட் பாக்கெட்ல போட்டுக்கங்க."

ஒரு கிலோ கத்திரிக்காய் கனம் இருக்கும். நீட்டிப் பிடித்தால் மூட்டைக் கனம் கனத்தது. ஆனாலும் பார்க்க வீரமாகத்தான் இருந்திருப்பேன் என்று தோன்றியது. அந்த அழகைப் பெண்டாட்டிக்குக் காட்ட வேண்டாமா?

"வினோலியா, இங்க பாரு..." என்று துப்பாக்கியோடு திரும்பினேன்.

"அங்கிள்! திரும்பாதீங்க! முனை எப்பவும் குறி பாக்குற அட்டைப் பக்கந்தான் இருக்கணும்!" என்று ஷமா அலறினாள். அங்கே இருந்த எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வினோலியா மட்டும் அசையாமல் நின்றாள்.

"பதறாத தாயி, குண்டு இன்னும் போடல," என்றாள் ஷமாவிடம். "போட்டிருந்தாலும் எம்மேல படாது. இடப்பக்கமாத்தான் போகும்."

துப்பாக்கியை மறுபடி அட்டைக்குத் திருப்புகிற அவசரத்தில் அந்தப் பேச்சு என் காதில் ஏறவில்லை.

சட்டம் சுலபம். ஆளுக்கு ஓர் அட்டை, அஞ்சு குண்டு. அட்டை நடுவே கறுப்பு வட்டம். எங்கே பட்டது என்று இங்கிருந்து தெரியாது. சுட்டு முடித்ததும் அட்டையை இழுத்துத்தான் பார்க்க வேண்டும்.

"நீங்க திருவிழாவுல சுடுற மாதிரியே சுடுங்க," என்று உற்சாகப்படுத்தினாள் என் மனைவி. என்ன இருந்தாலும் கட்டினவள் இல்லையா? நெஞ்சு நிறைந்துபோனது. ஒரு கண்ணை மூடினேன். ரெண்டு விரக்கடை இடப்பக்கம். தட். தட். அஞ்சும் முடிந்தது. கேரம் போர்டு எந்த ஜன்னலோரம் போடுவது என்பதையும் அதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

அடுத்து வினோலியா. முந்தானையைச் செருகிக்கொண்டாள். துப்பாக்கியை வாங்கியவள் ஷமாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏம்மா, இது நேராத்தான போகும்?"

"நேராத்தான் ஆன்ட்டி. காலைலதான் சுட்டுப் பாத்து சரி பண்ணி வச்சேன்."

நான் என் அட்டையை எட்டிப் பார்த்தேன். இங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை.

அட்டைகள் வந்தன. என் அட்டையில் கறுப்பு வட்டம் கடையில் வாங்கியபடியே இருந்தது. இடப்பக்க வெள்ளையில் மட்டும் அஞ்சு ஓட்டையும் கூடிப் பேசிக்கொண்டிருந்தன.

"சுபஹானல்லா! அங்கிள், அம்புட்டும் ஒரே எடத்துல! ஒரு காச வச்சு மூடிரலாம். மொதத் தடவ வந்து யாரும் இப்படிச் சுட்டதில்ல!" என்றாள் ஷமா.

"அப்ப நான் ஜெயிச்சிட்டேனா?"

"இந்த எடத்துல வட்டம் இருந்திருந்தா ஜெயிச்சிருப்பீங்க அங்கிள்."

வினோலியாவின் ஓட்டைகள் தாளித்த கடுகு மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தெறித்திருந்தன. ஆனால் அஞ்சும் கறுப்புக்குள்ளே.

திரும்பும்போது ஸ்கூட்டரை அவள்தான் ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன்.

"இடப்பக்க விவகாரம் ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"வருசா வருசம் உங்க பின்னாடிதான நிக்கிறேன். பலூன விட்டுட்டு பக்கத்துப் பலகையக் குறி பாக்குறது தெரியாதாக்கும்?"

"அப்ப நீயும் அப்படியே சுட்டிருக்கலாம்ல?"

"சுட்டிருக்கலாம். வருசத்துல ஒரு நாளாச்சும் இந்த மனுசன் ஜெயிச்ச மூஞ்சியோட வீட்டுக்கு வரட்டுமேன்னு விட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. எல்லாவற்றையும் விட, இவள்மேல் பாசம் பொங்கியது. இப்படிப்பட்டவளிடம் ஒரு ரூமைத் தோற்றால்தான் என்ன? ஆரி கிளாசுக்கு என் செலவிலேயே ஒரு போர்டு எழுதி மாட்டிவிடுவோம் என்று பெரிய மனசோடு தீர்மானித்துக்கொண்டே வீட்டு முன்னால் இறங்கினேன்.

எங்கள் மாடிப்படிச் சுவரில் ஏணி சாத்தி, மதியழகன் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். 'வினோலியா ஆரி பயிற்சி மையம்' என்று பளபளவென்று ஒரு போர்டு.

"ஏலே, நீ சாட்சிடா!" என்று கத்தினேன்.

"சாட்சிதான்டா. எஞ்சம்சாரம்தான் மொத ஸ்டூடன்ட்டு."

"நாங்க இப்பத்தானடா சுட்டுட்டு வாரோம்? அதுக்குள்ள எப்படிடா எழுதுன?"

அவன் வினோலியாவைப் பார்த்தான். வினோலியா ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டாள். ஓர் எழுத்தையாவது அழித்துவிட வேண்டும் என்ற வெறியோடு ஏணியில் ஏறி விரலை வைத்துத் தேய்த்தேன்.

பெயின்ட் நன்றாகக் காய்ந்திருந்தது.