ஏழு இடத்தில் முறிந்த கை

ஒப்புக்கொள்கிறேன்: எதையாவது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிடும் என்று நம்பித் திரிந்தவன் நான். (முட்டை, புதுச்சேலை, எக்ஸ்ரே, எதுவானாலும்.)

அல்லைப்பிட்டிக் கரையில் என் மனைவியின் தம்பி அன்ரன் வள்ளத்திலிருந்து வழுக்கி விழுந்தான். வலது மணிக்கட்டு பேக்கரிப் பணிஸ்போல வீங்கியது. நண்டு வலையில் படும் காலம். அந்தக் கை இல்லாவிட்டால் வள்ளமும் இல்லை. பட்டணத்தில் ஒரு தனியார் நிலையத்தில் எக்ஸ்ரே எடுத்து ஃபிலிமைத் தந்தார்கள். எலும்பு டாக்குத்தரை மறுநாள்தான் பார்க்கலாம்.

மறுநாள்வரை பொறுக்க நான் யார்?

“ஆஸ்பத்திரியிலை இப்ப கொம்பியூட்டரிலைதானாம் எடுக்கினம்,” என்றாள் மனைவி.

“கரண்ட் போனால் அதிலை எலும்பும் போயிடும். இது கையிலை பிடிக்கிற உண்மை,” என்றேன்.

ஃபிலிமை யன்னலில் பிடித்தேன். மாலைக் கடலின் ஒளி உள்ளே புகுந்து, எலும்புகள் வற்றுக்கடலில் வெண்பவளமாய் மிதந்தன. கைபேசியில் படமெடுத்து லண்டனிலுள்ள பெரியம்மாவின் மகளுக்கு அனுப்பினேன். (அவள் பல் வைத்தியரிடம் வேலை செய்பவள். பல்லும் எலும்பும் ஒரே குடும்பம்தானே!)

உடனே அழைத்தாள். “அண்ணை, ஏழு இடத்திலை வெடிச்சிருக்கு! இந்தக் கையாலை இனி வலை இழுக்க ஏலாது.”

அன்ரன் எழுந்து செருப்பை மாட்டினான். பிறகு, நெடுநாளாக வள்ளத்தை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், “நாளைக்குப் பின்னேரம் வந்து கொண்டுபோங்கோ அண்ணை,” என்று சொல்லிவிட்டு வந்தான். நான் அவன் தோளைத் தட்டி, வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் ஃபிலிமைப் பார்த்து, “எடுக்கேக்கையே கறுத்துப்போச்சு, இதை இனி வெளிச்சமாக்கேலாது,” என்று டிஜிட்டலில் இன்னொன்று எடுப்பித்தார். திரையில் மணிக்கட்டைப் பெருப்பித்தார். வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார். “முறிவில்லை. சுளுக்குத்தான்.”

நான் விடுவேனா? கைபேசியை நீட்டினேன். “அப்ப இந்த ஏழு வெடிப்பும்?”

அதையும் பெருப்பித்தார். “இதிலை முடிச்சுத் தெரியுது ஐயா. உங்கடை ஊரிலை எலும்புக்கு முடிச்சுப் போடுறவையோ?”

நான் ஃபிலிமைப் பிடித்த எங்கள் வீட்டு யன்னலின் வெளிப்பக்கம் அன்ரன் ஏற்கெனவே வலையைக் காயப் போட்டிருந்தான்; அதன் நூல்தான் எலும்பில் வெடிப்பாய்த் தெரிந்திருக்கிறது. நாளெல்லாம் வலைக்கு நடுவே வாழ்பவன் கண்ணுக்கு வலை தெரிவதேயில்லை.

அன்ரன் அங்கேயே பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தான். “அண்ணை, வள்ளம் குடுக்கமாட்டன். எனக்குச் சுளுக்காம். முறிஞ்சது அத்தான்ரை மூளை.”

இன்றுவரை, வலை கிழிந்தால் தைப்பதற்கு முன் படமெடுத்து எனக்கு அனுப்புகிறான். கீழே ஒரே கேள்வி: “அத்தான், பிளாஸ்டர் போடவேணுமோ?”