முந்திரிக்கு மட்டும் சமைத்தவன்

எனக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும். இந்த உண்மையை என் மனைவி கமலாவுக்குத் தெரியாமல் இருபத்திரண்டு வருஷம் காப்பாற்றி வந்தேன். ஒரு நாய்க்குட்டி வந்து ஐந்தே மாதத்தில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். என் பெயர் வேலுமணி. சொந்த ஊர் தாராபுரம் பக்கம். நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். டிரெய்னியாகச் சேர்ந்த காலத்தில் நானும் அப்துல் வஹீதும் ஒரே அறை. வஹீதுக்கு வெங்காயத்தை எந்தப் பக்கமிருந்து உரிப்பது என்றே தெரியாது. ஆகவே மூன்று வருஷம் நான்தான் சமையல். என் கறிக்குழம்பு கொதிக்கிற நேரம் பார்த்துப் பக்கத்து அறைக்காரர்கள் தட்டோடு வந்து நிற்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

கல்யாணமான மூன்றாம் நாள் கமலா நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, தலை வலிக்குது. ஒரு டீ போட்டுத் தரீங்களா?"

எனக்குப் பகீரென்றது. இன்றைக்கு டீ. நாளைக்கு தோசை. அடுத்த வாரம் மாமனார் மாமியாருக்கு விருந்து. மூன்று வருஷம் கரண்டி பிடித்த கை ஓய்வு கேட்டது. டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்திலேயே சாம்பார் பொடி டப்பா இருந்தது. தெரிந்தேதான் போட்டேன்.

கமலா ஒரு வாய் குடித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது.

"இனிமே நீங்க அடுப்படிப் பக்கமே வராதீங்க" என்றாள்.

வரவில்லை. அந்த ஒரு டம்ளர் டீயை வைத்து இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இதில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. என்னை விட்டுவிட்டுக் கமலாவால் எங்கேயும் போய்த் தங்க முடியாது. எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் பெண்கள் வருஷாவருஷம் சித்திரையில் கூட்டமாக டூர் போவார்கள். கமலாவுக்குப் பனியைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. நெய்வேலி வெயிலில் யாருக்குத்தான் இருக்காது?

"மணாலி போறாங்களாம். பன்னெண்டு நாளு. நானும் போயி பனிய ஒரு வாட்டி தொட்டுப் பாத்துட்டு வந்துடட்டா?"

"தாராளமா போ. சாப்பாட்டுக்கு நான் என்ன பண்றதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

"ஓட்டல்ல..."

"ஓட்டல் சாப்பாடு என் வயித்துக்கு ஒத்துக்குமா? இதோ பாரு கமலா. சுரங்கத்துல ஒரு சட்டம் இருக்கு. அடுத்த ஷிஃப்ட்டுக்கு ரிலீவர் வந்து நம்மள விடுவிக்காம எவனும் இடத்தை விட்டு நகரக் கூடாது. பெல்ட் நின்னுடும். வீடும் அப்படித்தான்."

"அப்ப எனக்கு ரிலீவரு யாரு?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

இந்த உரையாடல் வருஷம் ஒருமுறை நடக்கும். வார்த்தைகூட மாறாது. அவளும் ஃபிரிட்ஜ் ஃப்ரீசரைத் திறந்து ஐஸைச் சுரண்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுவாள்.

போன கார்த்திகையில் கமலா காடாம்புலியூருக்குப் போனாள். அவள் அண்ணன் கொளஞ்சிநாதனுக்கு அங்கே முந்திரித் தோப்பு. போகும்போது வெறும் ஒயர் கூடை. வரும்போது கூடைக்குள் ஒரு நாய்க்குட்டி. பழுப்பு நிறம், எலும்பும் தோலும்.

"எதுக்கு இது?"

"தோப்புல கெடந்து கத்திகினு இருந்திச்சி. பாவமா இருந்திச்சி."

"எனக்கு நாயெல்லாம் ஆகாது."

சொல்லி முடிப்பதற்குள் அது என் பாதத்தின் மேல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது. காலை எடுக்க மனசு வரவில்லை. முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றேன். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கும் எங்கள் மகள் இசைப்பிரியா போனிலேயே பார்த்து, முந்திரி என்று பெயர் வைத்தாள்.

அடுத்த வாரம் கவனித்தேன். முந்திரியின் முன்னங்கால் இரண்டும் வில் மாதிரி வளைந்திருந்தன. ஓடினால் தடுக்கி விழுந்தது. தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினோம். சின்ன வயசுப் பெண்.

"என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

"பாலும் சோறும். அப்பப்ப பிஸ்கட்" என்றாள் கமலா.

"வளர்ற குட்டிம்மா இது. பாலும் சோறும் மட்டும் போதாது. எலும்புல பலமே இல்ல. வீட்டுலயே செய்யலாம், ஆனா அளவா செய்யணும். பாதி கறி. மீதியில சோறும் காயும். அவிச்ச முட்டை. வாரத்துல ரெண்டு நாள் கொஞ்சம் ஈரல். கால்சியம் பவுடர் எடைக்குத் தக்கன நான் எழுதித் தரேன், அதுக்கு மேல போடக் கூடாது. உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு கிட்டயே காட்டாதீங்க. திராட்சை கூடவே கூடாது. வேக வெச்ச எலும்பும் வேண்டாம். இப்போதைக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை. கால் நேராயிடும். யாரு சமைக்கப் போறீங்க?"

நான் கமலாவைப் பார்த்தேன். கமலா தன் செவ்வாடையைப் பார்த்துக்கொண்டாள்.

"நான் சக்தி மாலை போட்டிருக்கேனேங்க. கறியும் ஈரலும் எப்பிடித் தொடறது?"

"எனக்குச் சமைக்கத் தெரியாதே!"

"அப்ப வுடுங்க. அண்ணன் வூட்லயே கொண்டு போயி வுட்டுடலாம்."

முந்திரி என் சட்டைப் பித்தானைச் சப்பிக்கொண்டிருந்தது. எனக்குள் ஒரு வீராவேசம் கிளம்பியது.

"நாய்க்கு வேக வைக்கறதுதானே? அதெல்லாம் சமையல்ல சேராது. நானே பாத்துக்கறேன்" என்றேன். வேக வைப்பது வேறு, சமைப்பது வேறு. சட்டத்தில் இப்படி ஒரு சந்து கண்டுபிடித்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மாலை போட்ட வீட்டு அடுப்படியில் கறி வேகக் கூடாது. ஆகவே குவார்ட்டர்ஸ் பின்பக்கம் பழைய ஸ்டவ்வை வைத்தேன். முதல் நாள் நடிப்புக்காகக் கத்தியைத் தலைகீழாகப் பிடித்தேன். கமலா உள்ளே போனதும் பீன்ஸை டக்டக்கென்று நறுக்கினேன். அவள் எட்டிப் பார்த்தால் பீன்ஸ் பெரிதாகும். உள்ளே போனால் பொடியாகும். ஒரே சட்டியில் இரண்டு விதமான பீன்ஸ் வெந்தது.

ஒரு வாரம்தான் இந்த நாடகம். அப்புறம் எனக்கு முந்திரியின் கால்தான் கண்ணில் நின்றது, கமலா நிற்கவில்லை. முதல் ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வெளியே வந்தால் நேரே கறிக்கடை. எலும்பு இல்லாத கோழிக்கறியைக் கைமா மாதிரி கொத்துவேன். சோற்றைக் குழைய வடிப்பேன். ஈரலை மோந்து பார்த்தே பதம் சொல்வேன். நான் நைட் ஷிஃப்ட் போனால் அது சாப்பிட வேண்டிய கிண்ணங்களில் வேளை எழுதி ஒட்டிவிட்டுப் போவேன். ஞாயிறுதோறும் அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, என் எடையைக் கழிப்பேன். முந்திரியின் எடை ஏறியது. கால் நிமிர்ந்தது. தை மாதம் அது கொய்யா மரத்தைச் சுற்றித் தடுக்காமல் ஓடியபோது என் கண் கலங்கிவிட்டது.

காய்தான் தகராறு. கறியைப் பொறுக்கித் தின்றுவிட்டுக் காயை ஒதுக்கும். பூசணிக்காயை மசித்துச் சோற்றோடு பிசைந்து மேலே கறிச்சாறு ஊற்றினேன். நக்கித் தின்றது. பின்னால் கமலா நின்றிருந்தாள்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறீங்களே. கெட்டிக்காரருதான்."

"பாத்தியா!" என்றேன். எனக்கு அப்போது பூசணிக்காய் மட்டும்தான் ஞாபகம்.

கமலா மாலையைக் கழற்றிய பிறகு, "இனி நீ செய்யேன்" என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள் செய்தாள். முந்திரி மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா? அதுக்கு உங்க கைதாங்க. இந்தக் கைப்பக்குவம் எனக்கு வராது."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் கழித்து என் கைப்பக்குவத்தை மெச்ச ஓர் ஆள் கிடைத்தது. அன்றிலிருந்து கூப்பிடாமலேயே நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். ஒரு நாள் கோடை மழையைச் சாக்காக வைத்து ஸ்டவ் பின்பக்கத்திலிருந்து அடுப்படிக்கே வந்துவிட்டது. அதையும் நான் கவனிக்கவில்லை.

சித்திரை வந்தது.

"ஏங்க, வர்ற ஞாயித்துக்கெழம மணாலி கெளம்பறேன்."

கேட்கவில்லை. சொன்னாள். நான் வழக்கமான வசனத்தை எடுத்தேன்.

"தாராளமா போ. சாப்பாட்டுக்கு நான் என்ன பண்றதுன்னு..."

"முந்திரி என்ன பண்ணும்?"

"அதுக்கு நான் செஞ்சு போடறேன்."

"அதுலயே உங்களுக்கும் சேத்து வெச்சிகினு உப்பு, மொளகா, வெங்காயம் போட்டுக்குங்க. நாய்க்குத்தான் ஆவாது. உங்களுக்கு ஆவும்."

"அது வேக வைக்கறது கமலா. சமையல் வேற."

"டீத்தூளுக்கும் சாம்பார் பொடிக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன், ஈரல மோந்து பாத்தே வெந்துடிச்சின்னு எப்பிடிங்க எறக்குவாரு?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஐப்பசியில வஹீத் அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்குப் போனோமே. நீங்க பிரியாணிப் பந்தியில இருந்தீங்க. நான் அவங்க வூட்டம்மா மிஸ்ரியாகூடப் பேசிகினு இருந்தேன். என்ன சொன்னாங்க தெரியுமா? 'உங்க கல்யாணத்துக்கு முன்னால, நான் புதுசா குவார்ட்டர்ஸுக்கு வந்து காய்ச்சல்ல படுத்தப்ப வேலுமணி அண்ணன்தான் ஒரு வாரம் சமைச்சிப் போட்டாங்க. அந்த மாதிரி ரசம் நான் இன்னைக்கு வரைக்கும் குடிச்சதில்ல. நீங்க குடுத்து வெச்சவங்க'ன்னாங்க."

நான் முந்திரியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அவங்களுக்கு ஒரு வாரம். எனக்கு ஒரு டம்ளரு. அதுலயும் சாம்பார் பொடி."

குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப... இந்த முந்திரி?"

"அண்ணன் வூட்ல ஆறு குட்டி. அஞ்சு நல்லா கொழுகொழுன்னு இருந்திச்சி. இருக்கறதுலயே சோனியா ஒண்ணு குடுன்னு நான்தான் கேட்டு வாங்கியாந்தேன். பொண்டாட்டி தலை வலிக்குதுன்னா உங்களுக்கு மனசு எறங்காது. வாயில்லாத ஜீவனுக்காவது எறங்குதான்னு பாப்பமேன்னுதான்."

முந்திரி வாலை ஆட்டியது. துரோகி.

ஞாயிறு காலை ஆட்டோ வந்து நின்றது. கமலா ஒரு நோட்டை நீட்டினாள். நான் சுரங்கத்தில் ஷிஃப்ட் மாறும்போது எழுதுகிற நோட்டு மாதிரியே கோடு போட்டிருந்தாள். கேஸ் பாதி இருக்கிறது. மாவு நாளை மறுநாள் வரை வரும். பால்காரர் ஆறு மணிக்கு. மிக்ஸி மூடி லூஸ். அடியில், 'பொறுப்பு ஒப்படைத்தவர்: கமலா. ரிலீவர்:' என்று எழுதி, இடம் விட்டிருந்தாள்.

"இருவத்திரெண்டு வருஷமா ரிலீவர் வருவாரு வருவாருன்னு பாத்துகினே நின்னேன். சட்டப்படி கையெழுத்துப் போடுங்க."

போட்டேன்.

பன்னிரண்டு நாள் சமைத்தேன். முந்திரிக்கு உப்பில்லாமல் ஒரு சட்டி, எனக்கு உப்போடு ஒரு சட்டி. மூன்றாம் நாள் வஹீத் வாசனை பிடித்துக்கொண்டு தட்டோடு வந்தான். "ஒளறினது மிஸ்ரியாதான், நான் இல்ல" என்று சொல்லிக்கொண்டே மூன்று தடவை சோறு வாங்கினான். மணாலியிலிருந்து படம் வந்தது. கமலா இரண்டு கையிலும் பனியை அள்ளிவைத்துக்கொண்டு சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். கல்யாணமானதிலிருந்து அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து ரசத்தைப் பொங்கவிட்டேன்.

பதின்மூன்றாம் நாள் காலை வந்து இறங்கினாள். பனியில் மூக்கெல்லாம் கறுத்திருந்தது. கறிக்குழம்பு வைத்திருந்தேன். சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி கேட்டாள்.

"இந்தக் கைப்பக்குவத்த வெச்சிகினா இத்தினி வருஷம் சும்மா குந்திகினு இருந்தீங்க?" என்றாள். கண் லேசாக மினுங்கியது.

நல்ல நேரம் என்று நினைத்து நோட்டை எடுத்துவந்தேன். புதுப் பக்கத்தில் 'பொறுப்பு ஒப்படைத்தவர்: வேலுமணி' என்று முன்பே எழுதி வைத்திருந்தேன்.

"பன்னெண்டு நாளா ரொம்ப சிரமம் கமலா. தலையே வலிக்குது. ரிலீவர் வந்தாச்சு. ஒரு கையெழுத்துப் போட்டுடு."

"அடப் பாவமே. அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சி. மொதல்ல உங்களுக்கு ஒரு டீ போட்டாரேன்."

காலை நீட்டி உட்கார்ந்தேன். முந்திரி வந்து பாதத்தில் படுத்தது. இருபத்திரண்டு வருஷத்து ராஜ்யம் திரும்பிவிட்டது. கமலா ஆவி பறக்க டம்ளரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"பன்னெண்டு நாளா அடுப்படிப் பக்கமே வரலியா, எது எந்த டப்பான்னே மறந்துபோச்சிங்க" என்றாள்.

ஒரு வாய் குடித்தேன். சாம்பார் பொடி.