பூஜைக்கு வைத்த காம்பைனர் பெட்டி

இந்த முறை ஜெயலக்ஷ்மியின் பேச்சைக் கேட்பதில்லை என்று சாம்பசிவன் முடிவெடுத்தது மொட்டைமாடியில். வீட்டுக்குள் என்றால் அவ்வளவு தைரியம் வந்திருக்காது.

கரமனைத் தெருவிலேயே முதல் சோலார் அவர் வீட்டில்தான். எலெக்ட்ரீஷியன் ஷிபு நான்கு வரிசையாகப் பேனல்களை நிறுத்திவிட்டுப் போயிருந்தான். நான்கின் கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கீழே அனுப்பும் காம்பைனர் பெட்டியை மட்டும் தானே மாட்டுவதாகச் சாம்பசிவன் சொல்லிவிட்டார். நாளும் குறித்தாயிற்று, மகாநவமி. அன்று மாலை பெங்களூரிலிருந்து மச்சினன் வெங்கிடேஷ் வருகிறான். எலெக்ட்ரிகல் எஞ்சினியர். அவன் முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நெஞ்சை நிமிர்த்தி நிற்க வேண்டும்.

சாலைக் கடைத்தெருவில் மலிவாகக் கிடைத்த பெட்டியை ஜெயலக்ஷ்மி திறந்து பார்த்தாள்.

"ஏன்னா, நாலு வரிசைக்கும் ஒரே ஃபியூஸா?"

"ஒண்ணு போறாதா?"

"நாலு மாட்டுப்பொண்கள் ஒரே அடுக்களையில இருக்கான்னு வெச்சுக்கோங்கோ. ஒருத்தி தளர்ந்தா மத்த மூணு பேரும் அவ தலையில ஏறுவா. ஆளுக்கொரு ஃபியூஸ் வேணுமாக்கும். மின்னலை மண்ணுக்கு அனுப்பற அரெஸ்டர் எங்கே? மழைத்தண்ணி எறங்காம ரப்பர் எங்கே? ஐப்பசி மாசத் துலா இடி வரப்போறது, கேட்டேளா! வீடு பத்திக்கும்."

"நீ எப்போ எஞ்சினியர் ஆனே?"

"என் தம்பி வெங்கிடேஷ் பரீட்சைப் பாடமெல்லாம் ஒப்பிக்க, உக்காந்து கேட்டவளே நானாக்கும்."

"பெட்டி இதுதான். மாட்டறது நான்தான்."

"செரி."

ஜெயலக்ஷ்மி சண்டை போட்டால் அவருக்குப் பயமில்லை. சம்மதித்தால்தான் பயம்.

அஷ்டமி சாயங்காலம் விஷயம் புரிந்தது. வழக்கமாக அவருடைய பேனா மட்டும்தான் பூஜைக்குப் போகும். இந்த வருஷம் சரஸ்வதி படத்தின் முன்னால் அவருடைய ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், கட்டிங் பிளேயர். எல்லாவற்றுக்கும் மேலே, சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு, காம்பைனர் பெட்டி.

"அடியே, இது எதுக்கு?"

"ஆயுதமில்லையா? விஜயதசமி காலம்பற பூஜை எடுத்தப்புறம் தொடுங்கோ."

பூஜைக்கு வைத்ததை இடையில் தொட்டவர் அந்தத் தெருவில் கிடையாது.

நவமியன்று உச்சிப்பொழுது கழிந்ததும் பொன்முடி மலைப் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வெங்கிடேஷின் ரயிலும் வந்துகொண்டிருந்தது. ஜெயலக்ஷ்மி வெற்றிலை பாக்கு வாங்க அடுத்த வீட்டு ஸ்ரீலக்ஷ்மியிடம் போயிருந்தாள். சாம்பசிவன் பூனைபோல் பூஜையறைக்குள் நுழைந்தார்.

"தாயே, ஒரு மணிக்கூர்தான். திருப்பி வெச்சுடறேன்."

பெட்டியைத் தூக்கினார். தூரத்தில் இடி உறுமியது. வியர்வையில் குங்குமம் சட்டையெல்லாம் ஈஷிக்கொண்டது. ஒரு படி ஏறினால் ஓர் இடி. மாடிக்கதவைத் திறந்தபோது மின்னல் கண்ணைப் பறித்தது.

அந்த வெளிச்சத்தில் பார்த்தார். பேனலுக்குக் கீழே, சுவரில், சாம்பல்நிறத்தில் வேறொரு காம்பைனர் பெட்டி. கண்ணாடி மூடிக்குள் நான்கு ஃபியூஸ். பக்கத்திலேயே அரெஸ்டர். மூடியைச் சுற்றி ரப்பர்.

"அந்தப் பெட்டியைப் பிடிச்சுண்டு மாடியில நிக்காதேங்கோ! இடி விழும்!" அடுத்த வீட்டு மாடியில் ஜெயலக்ஷ்மி, ஸ்ரீலக்ஷ்மிக்கு ஒத்தாசையாகக் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இது... எப்போ?"

"காலம்பற நீங்க கோவிலுக்குப் போனப்போ ஷிபு வந்து மாட்டினான். அவன் சர்ச்சுக்குப் போறவன். அவன் ஸ்பானருக்குப் பூஜை வெப்பு கிடையாது."

மாலையில், கொட்டும் மழைக்கு நடுவே குடை பிடித்துக்கொண்டு வெங்கிடேஷ் அந்தப் பெட்டியை உற்றுப் பார்த்தான். சாம்பசிவனுக்கு மூச்சு நின்றது.

"பிரமாதம்! யார் செலக்ட் பண்ணினா?"

"உன் அத்திம்பேர்தான்," என்றாள் ஜெயலக்ஷ்மி, கண்ணிமைக்காமல்.

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் அதிகமாகவும் வந்தது.

"பின்னே? நாலு வரிசைக்கு ஒத்தை ஃபியூஸ் வெக்கறவன் மடையனாக்கும்," என்றார்.

"அப்படின்னா எங்க திருநெல்வேலிப் பூர்வீக ஆத்துக்கும் நீங்களே வந்து மாட்டிக் குடுங்கோ, அத்திம்பேர். ஆளே கிடைக்கலை."

சாம்பசிவன் வாயைத் திறந்தார்.

"வருவார்டா," என்றாள் ஜெயலக்ஷ்மி. "தீபாவளிக்கு ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாச்சு."