சி. மதலைமுத்து என்று இரண்டு பேர்

காரிமங்கலம்
நவம்பர் 28, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஆரோக்கிய பிரவீனுக்கு,

கண்டக்டர் மதலைமுத்து என்கிற உன் அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா ராயம்மாளும் ஆண்டவர் கிருபையால் சுகம். கொய்யா மரங்கள் சுகம். நாய் மட்டும் சுகமில்லை. யாரையோ கடித்துவிட்டு, அடி வாங்கிக்கொண்டு வந்து படுத்திருக்கிறது. புனேயில் உன் உடம்பு நன்றாக இருக்கவும், உன் கம்பெனியில் ஓவர்டைம் குறையவும் தினமும் செபமாலை சொல்கிறோம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பாதி விஷயத்துக்கு வருவதற்குள் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

விஷயம் நம் ஐநூறு ரூபாய். செவ்வாய்க்கிழமை சந்தை நாளில் கொய்யா விற்ற காசில் ஐநூறு ரூபாயை நான் வாராவாரம் பேங்கில் கட்டுவது உனக்குத் தெரியும். நீ பன்னிரண்டாவது படித்தபோது திறந்த அக்கவுண்ட். அப்போது எனக்குப் போன் கிடையாது, உன் நம்பரைத்தான் கொடுத்தோம். அதனால் நான் இங்கே பணம் கட்டினால் மெசேஜ் புனேக்கு வரும். நீ உடனே என்னைக் கூப்பிட்டு, "ஐநூறு போட்டீங்களாப்பா?" என்பாய். "போட்டேன்" என்பேன். "மழை உண்டாப்பா?" என்பாய். அப்படியே பேச்சு வளரும். உன் அம்மாவோடு நீ தினமும் அரை மணி நேரம் பேசுகிறாய், பேசு, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவள் போனை என் பக்கம் நீட்டினால் "நல்லா இருக்கீங்களாப்பா", "இருக்கேன்", தீர்ந்தது. அந்தப் போன் அவளுடையது. சந்தை நாள் போன் என்னுடையது. ஐப்பசியில் ஒரு நாள் பதினொரு நிமிஷம் பேசினோம். தக்காளி விலை, உன் ரூமுக்குப் புதிதாக வந்த ஒடிசாப் பையன், என் முட்டி வலி, எல்லாம் அதில் வந்தது.

இந்தச் சந்தை நாளும் வழக்கம்போல் கட்டினேன். போன் வரவில்லை. பேங்க் வாசலில் கால் மணி நேரம் நின்றேன், வரவில்லை. பஸ்ஸில் சட்டைப் பையிலிருந்து போனை வெளியே எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டேன், வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் போன் கெட்டுவிட்டதோ என்று பக்கத்து வீட்டுக் குருவைக் கூப்பிடச் சொன்னேன். அது நன்றாக அடித்தது. அவன் சோதனைக்காக எடுத்துப் பேசச் சொன்னான். "வைடா, வைடா, பையன் கூப்பிட்டா பிஸின்னு வந்துரும்" என்று கத்தினேன். நானே கூப்பிடலாம்தான், ஆனால் உனக்கு டியூட்டி நேரமாக இருந்தால் என்ன செய்வது? பிறகு பயம் பிடித்துக்கொண்டது. மெஷினில் கையைக் கொடுத்துவிட்டானோ, காய்ச்சலோ, ரோட்டில் ஏதாவதோ என்று சோறு இறங்கவில்லை. உன் அம்மா சொன்னாள், "ஏங்க, காத்தால எங்கிட்ட நல்லாத்தானே பேசுனான்! வூடு பூரா இப்படி நடந்துக்கிட்டே இருந்தா போன் வந்துருமா?" என்கிட்ட பேசலையே என்று அவளிடம் எப்படிச் சொல்ல? நாய்க்கு மஞ்சள் தடவப் போனேன். அது என்னையும் கடிக்க வந்தது.

மறுநாள் பேங்க் திறக்கும் முன்பே போய் நின்றேன். மேனேஜர் கலைவாணன் சாரிடம் சீல் போட்ட சலான் துண்டை மேஜையில் வைத்து, "சார், முப்பது வருஷம் தருமபுரி கிருஷ்ணகிரி வண்டியில டிக்கெட் கிழிச்சவன் நான், ஒரு நாள் கணக்குல ஒத்த ரூபா கூடக் குறைஞ்சதில்ல. என் ஐநூறு எங்கங்க?" என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைத் தட்டினார். ஐநூறு ரூபாய் சி. மதலைமுத்துவின் அக்கவுண்டில்தான் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்த சி. மதலைமுத்து நான் இல்லை!

கேஷ் கவுண்ட்டரில் பாரதி என்று புதுப்பெண், நல்லம்பள்ளியிலிருந்து வருகிறது. சந்தைக் கூட்ட நெரிசலில் நம்பரை அடிக்காமல் பெயரை அடித்திருக்கிறது. பெயர் சரி, இனிஷியல் சரி, ஊர் சரி, வயசு கூடக் கிட்டத்தட்ட சரி. நம் ஊரில் கல்லை எறிந்தால் ஒரு மதலைமுத்து மேல்தான் விழும் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? என் அப்பா சின்னப்பன், அந்த இன்னொரு மதலைமுத்து, சைக்கிள்கடைக்காரன், அவன் அப்பா சிலுவைமுத்து, இரண்டுக்கும் சி. ஊரில் என்னைக் கண்டக்டர் என்பார்கள், அவனைச் சைக்கிள்கடை என்பார்கள், குழப்பமே கிடையாது. பேங்க் கம்ப்யூட்டரில் அதற்குக் கட்டம் இல்லை. "ஒரு கட்டம் போடுங்க சார்" என்றேன். "மேலிடத்துக்கு எழுதறேங்க ஐயா" என்றார். அந்தப் பெண் கண் கலங்கி, "தப்பு என்னுதுதாங்க" என்று எழுந்து நின்றது. "ஒக்காரு தாயி, நானே ராங் டிக்கெட் குடுத்தவன்தான்" என்று சொல்லிவிட்டேன்.

சைக்கிள்கடையைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இருபது நிமிஷத்தில் வந்தான், முகமெல்லாம் பல். அவன் இப்படிச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அவன் மகள் ஜாஸ்மின் கல்யாணத்தில்தான்.

"ஐநூறு உன் கணக்குக்கு வந்தது தெரியுமா?" என்றேன்.

"தெரியாம என்ன கண்டக்டரே! மெசேஜ் கோயமுத்தூருக்கு ஜாஸ்மினுக்குத்தான் போவும். எட்டு மாசமாப் பேசாத புள்ள, நேத்து அவளே கூப்புட்டா! யாருப்பா ஐநூறு போட்டதுன்னு கேட்டா. எனக்கென்ன தெரியும்? அவனா இருக்குமோ, இவனா இருக்குமோன்னு ஒவ்வொரு பேராச் சொல்லி ஒரு மணி நேரம் பேசிப்புட்டேன்." பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, "சார், பணத்த அடுத்த வாரம் எடுத்துக்குங்களேன்?" என்றான்.

மேனேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. விளங்கியதால்தான் எரிச்சல் வந்தது. என் பிள்ளையோடு நான் பேச வேண்டிய நேரத்தையெல்லாம் அவன் பேசித் தீர்த்துவிட்டான்!

சைக்கிள்கடை கையெழுத்துப் போட்டான், மேனேஜர் பணத்தை மாற்றினார். அடுத்த நிமிஷம் இரண்டு போனும் ஒன்றாக அடித்தன. அவனுக்கு, "அப்பா, ஐநூறு போயிருச்சேப்பா!" எனக்கு, "என்னப்பா, இந்த வாரம் புதன்கிழமை போட்டிருக்கீங்க?" பேங்கே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஆமா, போட்டேன்" என்றேன். உனக்கு டியூட்டி, வைத்துவிட்டாய். நாற்பது நொடி. வெளியே வந்தால் அவன் வேப்பமரத்தடியில் நின்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான். எனக்குப் பொறாமையாக இருந்தது தம்பி, மறைப்பானேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். கிளம்பும்போது மேனேஜர், "மெசேஜ் நம்பரை உங்க நம்பருக்கே மாத்திடறேங்க ஐயா, பையனுக்கு எதுக்குத் தொந்தரவு?" என்றார். "வேணாம் சார்!" என்று நான் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் உள்ளே ஓடிவந்தார். ஏன் என்று கேட்டார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். கையில் பேப்பர் இருந்தது.

இனிதான் முக்கியமான விஷயம். மேனேஜர் சொன்னது என்னவென்றால், இந்தக் குழப்பம் மறுபடி வராமல் இருக்க, யார் நம்பருக்கு மெசேஜ் போகிறதோ அவர் ஆதாரோடு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். கடைசித் தேதி டிசம்பர் 24, மதியம் பன்னிரண்டு மணி. பேங்க் ரூல். நானாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பேன், கலைவாணன் சார் மகா கண்டிப்பு. போன இரண்டு கிறிஸ்துமஸுக்கும் உனக்கு லீவு கிடைக்கவில்லை. சூப்பர்வைசரிடம் பண்டிகை என்று சொல்லாதே, பேங்க் வேலை என்று சொல். வந்த இடத்தில் அன்று ராத்திரிப் பூசைக்கு இருப்பதும் இல்லாததும் உன் இஷ்டம். மாடியில் நட்சத்திரம் கட்ட ஏணி ஏற என் முட்டி ஒத்துக்கொள்ளவில்லை. நீ கட்டலாம், கையெழுத்துப் போட்ட பிறகு. உன் அம்மாவுக்கு இந்த ரூல் தெரியாது, அவளிடம் கேட்டுக் குழப்பாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. சப்பாத்தியோடு சோறும் சாப்பிடு. மாதாவும் சூசையப்பரும் உன் கூடவே இருக்கட்டும். ஒடிசாப் பையனுக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சி. மதலைமுத்து (கண்டக்டர்)

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை. கவரை ஒட்டும் முன், திருவருகைக் காலம் தொடங்குகிறதே என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாம் கேட்டுவிட்டு சாமியார், "லெட்டர் போட்டாச்சா?" என்றார். "இல்ல சாமி, பையிலதான் இருக்கு." "அப்ப உண்மைய எழுதிட்டுப் போடுங்க." ஆகவே எழுதுகிறேன். பேங்கில் உன்னை யாரும் வரச் சொல்லவில்லை. ரூல் இல்லை, கையெழுத்து இல்லை, கடைசித் தேதியும் இல்லை. கலைவாணன் சார் தங்கமான மனிதர். வரச் சொன்னது நான்தான். உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, வேறொன்றுமில்லை. லீவு கிடைக்காவிட்டால் மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. நான் எழுந்து வெளியே வந்தபோது வரிசையில் அடுத்த ஆளாகச் சைக்கிள்கடை நின்றுகொண்டிருந்தான், அவன் சட்டைப் பையிலும் ஒரு கவர்.

ஆனால் ஒன்று. இந்தப் பி.கு.வுக்கு வருவதற்குள் நீ ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தால், எடுத்தது எடுத்ததுதான். முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன் சொல்கிறேன், டிக்கெட் வாங்கியவன் வண்டி ஏற வேண்டும்.