கேள்வித்தாள் போட்ட மார்க்கு

எங்கள் மில்லில் கேள்வித்தாளைக் கண்டு ஓடி ஒளியாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. மேனேஜரின் கார் வந்தால் எல்லாரும் நின்று கும்பிடுவார்கள். கேள்வித்தாள் பஸ்ஸை விட்டு இறங்கினால் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியே பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்.

தேனியிலிருந்து ஆண்டிபட்டி போகிற ரோட்டில் இருந்த நூல் மில் அது. செல்போன் என்றால் மேனேஜர் மட்டும் வைத்திருந்த காலம். நான் ஸ்டோர் கிளார்க். நாங்கள் கேள்வித்தாள் என்று பெயர் வைத்தவர் பர்சனல் டிபார்ட்மென்ட்டில் உதவியாளர், பெரியகுளத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அப்பா அம்மா வைத்த பெயர் ரிஜிஸ்டரில் பத்திரமாக இருந்தது. யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

யார் எந்த வேலை செய்தாலும் பக்கத்தில் போய் நின்றுகொண்டு ஒரே கேள்வி: "இத யாருகிட்டக் கத்துக்கிட்டீக?"

ஒருநாள் நின்றுபோன டேபிள் ஃபேனை நான் ஸ்கேலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். சுற்ற ஆரம்பித்துவிட்டது. திரும்பினால் பின்னால் கேள்வித்தாள்.

"எந்த எடத்துல தட்டணும்ண்டு யாரு சொன்னாக?"

"யாரும் சொல்லலண்ணே. கோவத்துல தட்டுனேன்."

"கோவம்" என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

அவருடைய சொந்தக்காரர் கல்யாணத்துக்கு எங்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார். மாப்பிள்ளை தாலி கட்டிவிட்டு நிமிர்கிறார், இவர் மேடையேறிக் காதுக்குள் குனிகிறார். வாழ்த்துகிறார் என்று நினைத்தோம். "முடிச்சு நல்லா விழுந்துருச்சு. யாரு சொல்லிக் குடுத்தாக?" என்று கேட்டாராம். மாப்பிள்ளை முழித்த முழியை போட்டோக்காரர் எடுத்துவிட்டார். அந்த ஆல்பத்தில் முதல் படமே அதுதான்.

இப்படிப்பட்டவர் கையில் மேனேஜரே கொண்டுபோய் ஒரு வேலையைக் கொடுத்தார். அங்கேதான் பிடித்தது சனி.

வெளிநாட்டுக்கு நூல் அனுப்ப ஏதோ சர்டிபிகேட் வேண்டியிருந்தது. அதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து கோட்டுப் போட்ட ஆலோசகர் ஒருவர் வந்தார். கம்பெனியில் எவ்வளவு அறிவு இருக்கிறது, அது எங்கே உண்டாகிறது, யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று அளந்து காட்டவேண்டுமாம். அதற்கென ஒரு பாரம் தந்தார். என்ன படித்தாய், எத்தனை பயிற்சி வகுப்புக்குப் போனாய், எத்தனை அறிக்கை எழுதினாய் என்று வரிசையாகக் கட்டங்கள்.

கேள்வித்தாள் அந்தப் பாரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதுல பேப்பரத்தான் அளக்க முடியும் சார். அறிவ அளக்க வேற படி வேணும்" என்றார். ஆலோசகர் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. "என்னமோ செய்யிங்க, ஆடிக்குள்ள வேணும்" என்றார்.

கேள்வித்தாள் வேறு படி செய்தார். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு வாரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வேலையில் சந்தேகம் வந்தால் யார் யாரைத் தேடிப் போய்க் கேட்கிறார்கள், பதில் கிடைத்ததா, அதை வைத்து வேலை ஓடியதா என்று ஒன்றுவிடாமல் குறித்தார். ஓடினால் பதில் சொன்னவருக்கு ஒரு மார்க்கு.

மார்க்கு என்று தெரிந்ததும் மில்லே மாறிப்போனது. வாய் பேசாதவனெல்லாம் பேச ஆரம்பித்தான். "ஏலே, இந்த நட்டு எந்தப் பக்கம்டா திருகணும்?" என்று இருபது வருஷ ஃபிட்டர் ஒருத்தர் நேற்றுச் சேர்ந்தவனிடம் கேட்டார். அடுத்த நிமிஷம் அவன் இவரிடம் அதையே திருப்பிக் கேட்டான். கேள்வித்தாள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ரெண்டும் நாடகம், கணக்குல வராது" என்றார்.

அவரே கண்டுபிடிக்காத திருட்டு ஒன்று உண்டு. அதைச் செய்தவன் நான். ஸ்டோரில் எந்தப் பொருள் எந்த அலமாரியில் என்று எழுதி ஒட்டியிருந்த சீட்டையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கிழித்துப் போட்டேன். திங்கட்கிழமையிலிருந்து ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் என்னைத்தான் கேட்கவேண்டும். மார்க்கு கொட்டியது.

கடைசியில் பெரிய சார்ட் ஒன்று வரைந்து மீட்டிங்கில் மாட்டினார். ஆளுக்கொரு வட்டம். கேட்டவரிடமிருந்து சொன்னவருக்கு ஒரு கோடு. கோடுகளெல்லாம் ஓடிப்போய் மொய்த்துக் கிடந்த வட்டம், தரை கூட்டும் பேச்சியம்மா.

மயிலாடும்பாறையிலிருந்து மில் வேனில் வந்துபோகும் கான்ட்ராக்ட் ஆள் அவர். கூட்டும்போது தரைப் பஞ்சு பறக்கிற பறப்பை வைத்து, காற்று காய்ந்துவிட்டது, இனி நூல் அறுபடும் என்று முன்கூட்டியே சொல்வார். மேற்கே எந்த ஜன்னலைச் சாத்தவேண்டும், எந்தப் பக்கம் ஈரம் ஏற்றவேண்டும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். ஷிப்ட் ஏறுகிறவர்கள் எல்லாரும், "பேச்சிக்கா, இன்னைக்கி எப்புடி?" என்று கேட்டுவிட்டுத்தான் மெஷினைத் தொடுவார்கள்.

மேனேஜரின் வட்டம் ஓரத்தில் தனியாகக் கிடந்தது.

"எனக்கு ஒரு கோடுகூட இல்லையாய்யா?"

"ஒண்ணு இருந்துச்சு சார். லீவு கெடைக்குமாண்டு கேட்டாக. அது கேள்வி இல்ல, விண்ணப்பம். அதான் அடிச்சிட்டேன்."

நாங்களெல்லாம் சார்ட்டை விட்டுத் தரையைப் பார்த்தோம். ஆலோசகர் மட்டும் உற்சாகமாகி, பேச்சியம்மாவுக்குத் தெரிந்ததை உடனே எழுதி வாங்கிவிடுங்கள் என்றார். கேள்வித்தாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஒன்னைய நெரந்தரமாக்கப் போறாக, ஆத்தா" என்று சொல்லி மூன்று நாள் கூடவே இருந்து கேட்டுக் கேட்டு எழுதினார். மூன்று பக்கம். லேமினேட் செய்து சுவரில் மாட்டினார்கள்.

மறுவாரம் பேச்சியம்மாவின் ஊருக்குப் போன வேனில் அவரை ஏற்றவில்லை. 'அதான் எழுதியாச்சே' என்பது ஆபீஸ் சொன்ன காரணம்.

கேள்வித்தாள் நேராக மெஷின் ஹாலுக்குப் போனார். மூன்று அட்டையையும் சுவரிலிருந்து பிடுங்கிக் கிழிக்கப் பார்த்தார். லேமினேட் செய்ததைக் கையால் கிழிக்க முடியுமா? முறுக்கினார், மிதித்தார், பல்லால் கடித்துக்கூட இழுத்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் வாயோரம் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினோம். அட்டையில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஆள் குறைப்பு. எடுத்த எடுப்பில் அவருடைய மார்க்குப் பட்டியலைத்தான் கையில் எடுத்தார்கள், கீழேயிருந்து. மேனேஜரைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் ஆகக் கீழே, முட்டை மார்க்கோடு, அவர் பெயர். மீட்டிங்குக்கு முந்தின நாளே அதைப் பார்த்துவிட்டு நான் சொல்லியிருந்தேன்: "ஒங்களுக்கும் ஏதாச்சும் போட்டுக்கிருங்கண்ணே."

"என்னைய யாரும் ஒண்ணும் கேக்கலையேப்பா" என்றார், எனக்குப் பாடம் நடத்துவதுபோல.

நான் தப்பித்தேன். என் மார்க்கு அப்படி.

மில் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை. சர்டிபிகேட் வந்தது, லட்டுக் கொடுத்தார்கள். ஆடிக் காற்றில் நூல் அறுந்தது, முடிச்சுப் போட்டார்கள். முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாக அறுந்தது, கொஞ்சம் அதிகமாக முடிச்சுப் போட்டார்கள். அவ்வளவுதான். சில வேளை மில் எரிந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் என்று தோன்றும்.

வேலை போன பத்தாம் நாள் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். "மயிலாடும்பாறை வரைக்கும் வாறீகளா? தனியாப் போக மொகம் இல்ல." அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பேச்சியம்மா ஒரு தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தார். இவர் வரப்பிலேயே நின்று கையைக் கூப்பினார்.

"என்னத்துக்குய்யா கும்புடுறீக? நீங்க கேட்டீக, நான் சொன்னேன். கேட்டவுகளுக்குச் சொல்லாம எப்புடி?" என்றவர், ஒரு களையைப் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டு, "ஆனா இனிமே யாருக்கும் எதையும் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் கண்டமனூர் தாண்டியதும், சீட்டுக் கிழித்ததை அவரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஒங்க பிள்ளைக படிக்குதுகள்ல? வேலை இருக்கட்டும்" என்றார்.

தேனியில் இறங்கிப் பெரியகுளம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஏறும்போது காலிடறியது, முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் விசில் ஊதி, பஸ் நகர்ந்து, ரெண்டு எட்டு நானும் கூடவே நடந்த பிறகுதான், கையை விட மனசில்லாமல் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.